140 பீக்கில் மருந்து எது?

கேள்வி இது: எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவருக்கு புராஜெக்டுக்காக ஹுவாங்லியான் ஜியேது டாங் என்ற நான்கு மூலிகைச் சீனக் கஷாயத்தைக் கொடுத்திருக்கிறார் கைடு. வீக்கத்தை அடக்கும் குணத்தைப் பார்க்க வேண்டும். மெத்தனாலில் எக்ஸ்ட்ராக்ட் (சாறு) எடுத்து, கலவையைப் பிரித்து மூலக்கூறுகளின் எடையைக் காட்டும் எல்சி-எம்எஸ் கருவியில் போட்டதில் 140 பீக், அதாவது வரைபடத்தில் 140 மேடுகள், வந்திருக்கிறது. பாதிக்கு மேல் டேட்டாபேஸில் பெயரும் கிடைத்துவிட்டது. இதில் ஆக்டிவ் காம்பவுண்ட், அதாவது உண்மையில் வேலை செய்யும் பொருள், எது என்று எப்படி முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 140 பீக்கை ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்தாலும் பதில் கிடைக்காது. உங்கள் கையில் இருப்பது வாக்காளர் பட்டியல் மாதிரி. ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று அது சொல்லும். ஏரிக்கரையை உயர்த்திக் கட்டியது யார் என்று சொல்லாது. பெரிய பீக் என்றால் முக்கியமான பொருள் என்று நினைத்துவிடுவோம். அந்தக் கருவியில் அது நன்றாக அயனியாகிறது என்பதற்கு மேல் அந்த உயரத்துக்குப் பொருள் கிடையாது. எது வேலை செய்கிறது என்பதைச் செல்லிலோ எலியிலோ செய்யும் சோதனைதான் சொல்ல முடியும். அந்தச் சோதனை ஒவ்வொரு படியிலும் கூடவே வர வேண்டும். நான் இந்தப் பதிலில் சொல்லப்போவது முழுக்க இதைச் சுற்றித்தான்.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோபல் பரிசு வரை போன கதை என்பதால் தொடக்கமும் முடிவும் எல்லோருக்கும் தெரியும். நமக்கு வேண்டியது நடுப்பகுதி. 1967 மே 23 அன்று சீனா தொடங்கிய மலேரியா மருந்துத் திட்டத்துக்கு அந்தத் தேதியை வைத்தே 523 என்று பெயர். பெய்ஜிங்கில் சீனப் பாரம்பரிய மருத்துவ அகாதெமியில் 1969 ஜனவரியில் அந்தப் பொறுப்பு தூ யூயூவிடம் வந்தது. அவரும் குழுவும் பழைய நூல்களிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் சுமார் 2,000 குறிப்புகளைத் திரட்டி, அதிலிருந்து 640-ஐத் தேர்ந்து, ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380 எக்ஸ்ட்ராக்டுகளை மலேரியா தொற்றிய எலிகளில் சோதித்தார்கள். சிங்ஹாவ் என்ற செடி ஒரு தடவை நம்பிக்கை தந்தது. திரும்பச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை.

நம்மில் பலர் அந்த இடத்தில் செடியைத் தள்ளிவைத்திருப்போம். தூ யூயூ பழைய குறிப்புகளுக்குத் திரும்பிப் போனார். 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசர சிகிச்சைக் கையேட்டில், ஒரு கைப்பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் (பழைய சீன முகத்தல் அளவு) தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்கச் சொல்லியிருந்தது. அடுப்பு என்ற பேச்சே இல்லை. கொதிக்க வைப்பதில்தான் பொருள் கெடுகிறது என்று அவருக்குப் பட்டது. 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதருக்கு மாறினார். வந்த சாற்றிலிருந்து அமிலப் பகுதியைப் பிரித்து எடுத்துவிட்டார். அதில் நச்சு இருந்தது, பலன் இல்லை. மிஞ்சிய நடுநிலைப் பகுதி, அதாவது 191ஆவது சாம்பிள், 1971 அக்டோபர் 4 அன்று எலிகளில் ஒட்டுண்ணியை முழுவதுமாக ஒழித்தது. 1972-இல் அவரும் சகாக்கள் இருவரும் முதலில் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். படிகமாகத் தனிப்பொருள் கைக்கு வந்தது அந்த ஆண்டு நவம்பரில்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். மூலக்கூறின் அமைப்பு 1975 வாக்கில்தான் எக்ஸ்-ரே படிகவியலில் தெளிவானது. அதுவரை 'இது என்ன' என்று தெரியாமலே 'இதுதான்' என்று தெரிந்திருந்தது. அதுவே கலவையைப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியில், யுவி ஒளியை உறிஞ்சும் பொருள்களை மட்டும் காட்டும் டிடெக்டர் வைத்துத் தொடங்கியிருந்தால்? ஆர்ட்டிமிசினினில் பென்சீன் வளையம் இல்லை, யுவியை உறிஞ்சும் இரட்டைப் பிணைப்புத் தொடரும் இல்லை. 210 நானோமீட்டர் பக்கம் லேசாக ஒரு அசைவு தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் ஃப்ளேவனாய்டுகள் கோபுரம் மாதிரி நிற்கும். நாம் அந்தக் கோபுரங்களுக்குப் பெயர் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதிவிட்டு, மலேரியா மருந்தை வேஸ்ட் பாட்டிலில் ஊற்றியிருப்போம்.

ஆர்ட்டிமிசினினில் இரண்டு ஆக்சிஜன் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் பெராக்சைடுப் பாலம் ஒன்று உண்டு. ஒட்டுண்ணி நம் ஹீமோகுளோபினைத் தின்னும்போது வெளிவரும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்க, அதிலிருந்து வரும் துண்டுகள் ஒட்டுண்ணியைச் சேதப்படுத்துகின்றன. அதிலிருந்து ஒரே ஒரு ஆக்சிஜனை எடுத்துவிட்டால் கிடைக்கும் டீஆக்சி ஆர்ட்டிமிசினின் பார்வைக்கு ஏறக்குறைய அதேதான், ஆனால் மலேரியாவை அடக்கும் சக்தி போய்விடுகிறது. ஒரு பொருளை ஆக்டிவ் என்று சொல்ல இதைவிட நல்ல சான்று கிடையாது: அந்த ஒரு இடத்தைத் தொட்டால் வேலை நிற்கிறது.

சரி, உங்கள் கஷாயத்துக்கு வருவோம். ஹுவாங்லியான் என்ற காப்டிஸ் வேர்த்தண்டு, ஹுவாங்சின் என்ற ஸ்குடெல்லாரியா வேர், ஹுவாங்போ என்ற ஃபெல்லோடெண்ட்ரான் பட்டை, ஜிஜி என்ற கார்டீனியா காய். இவை கடைச் சரக்காக வந்திருந்தால் அவை என்ன செடி என்று யார் உறுதி செய்தார்கள்? ஹுவாங்லியான் என்ற பெயரில் சீன மருந்து நூல் மூன்று காப்டிஸ் இனங்களை ஏற்கிறது. அதில் ஒன்று நம் அருணாச்சலப் பிரதேசத்து மலைகளில் 'மிஷ்மி தீத்தா' என்று வழங்கும் காப்டிஸ் டீட்டா. ஹுவாங்போ பட்டையில் இன்னும் பெரிய வித்தியாசம். சீனென்ஸ் இனத்துப் பட்டையில் குறைந்தது 3 சதவீதம் பெர்பெரின் என்ற மஞ்சள் ஆல்கலாய்டு இருக்க வேண்டும் என்றும், அமுரென்ஸ் இனத்தில் 0.6 சதவீதம் இருந்தால் போதும் என்றும் அந்த நூலே தனித்தனியாக வைத்திருக்கிறது. ஐந்து மடங்கு. எந்தப் பட்டை என்று தெரியாமல் பெர்பெரின் கணக்குப் போட முடியாது. சிங்ஹாவிலும் இதே சிக்கல் இருந்தது. பழைய நூல்களில் அந்தப் பெயரில் பல ஆர்ட்டிமிசியா செடிகள் வருகின்றன. மருந்து கிடைத்தது ஆர்ட்டிமிசியா ஆனுவாவில் மட்டும், அதிலும் இலையில்.

பெயர்க் குழப்பம் ஆராய்ச்சியைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் ஒரு மருத்துவமனையில் சீன மூலிகை சேர்ந்த கேப்ஸ்யூல்கள் கொடுத்தார்கள். அதில் இருக்க வேண்டியது ஸ்டெஃபேனியா டெட்ராண்ட்ரா, சீனப் பெயர் ஹான் ஃபாங்ஜி. அதற்குப் பதிலாக வந்து சேர்ந்தது குவாங் ஃபாங்ஜி என்ற அரிஸ்டோலோக்கியா. இரண்டுக்கும் பெயரில் பாதி ஒன்றே. சாப்பிட்ட பெண்களில் நூறு பேருக்கும் மேல் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு அப்புறம் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஸ்டெஃபேனியாவில் இருக்க வேண்டிய டெட்ராண்ட்ரினைத் தேடியபோது பெரும்பாலான சரக்கில் அது இல்லை, அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது. உள்ளே போட்ட சரக்கில் பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டு ஒன்றே ஒன்று முன்கூட்டி ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா குடும்பம்தான், அதே அமிலம் அவற்றிலும் உண்டு. அதனால் இதை நான் வேறு நாட்டுச் செய்தியாகப் படிப்பதில்லை.

ஆகவே நான்கு சரக்கிலும் ஒரு பிடி எடுத்து, தேதி போட்டு, தாவரவியல் துறையில் ஒருவரிடம் காட்டி, மாதிரியாகப் பத்திரப்படுத்துங்கள். எளிய வேலை. செய்யாதவர்கள் அதிகம்.

அடுத்து, மெத்தனால். யாரும் மெத்தனால் எக்ஸ்ட்ராக்டைக் குடித்துக் குணமாகவில்லை. குடித்தது தண்ணீரில் கொதித்த கஷாயம். உங்கள் 140 பீக்கில் எத்தனை தண்ணீரில் இறங்கும், எத்தனை இறங்காது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. கொதிப்பது சும்மா கரைப்பது மட்டுமில்லை, அது ஒரு வேதிவினை. ஃபூஜி என்ற அகோனைட் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் அகோனிட்டின் ஆளைக் கொல்லும் நஞ்சு. நெடுநேரம் கொதித்தால் அதன் எஸ்டர் பிணைப்புகள் ஒவ்வொன்றாக உடைந்து நச்சு வெகுவாகக் குறைகிறது. சித்த மருத்துவத்தில் நாவியைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று வைத்திருப்பதும் இதே காரணத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. சிங்ஹாவில் கொதி கெடுத்தது. ஃபூஜியில் கொதிதான் காப்பாற்றுகிறது. மூலிகைக்கு மூலிகை கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் கஷாயத்தில் இதைவிடச் சுவாரசியமான ஒன்று நடக்கிறது. செய்து பாருங்கள். ஹுவாங்லியானையும் ஹுவாங்சினையும் தனித்தனியாகக் கொதிக்க வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு பீக்கரில் வையுங்கள். இரண்டும் ஓரளவு தெளிவாக இருக்கும். இப்போது ஒன்றை மற்றொன்றில் ஊற்றுங்கள். கண் முன்னாலேயே மஞ்சளாகக் கலங்கும். சற்று நேரம் விட்டால் அடியில் வண்டல் தங்கும். ஹுவாங்லியானிலிருந்து வரும் பெர்பெரினின் நைட்ரஜனில் நேர்மின்னூட்டம் இருக்கிறது. ஹுவாங்சினிலிருந்து வரும் பைக்காலினில் குளுகுரோனிக் அமிலப் பகுதி எதிர்மின்னூட்டத்தோடு இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நுண்துகள்களாகத் திரள்கின்றன. அந்த வண்டலைக் குலுக்கிச் சேர்த்துத்தான் நோயாளி குடிக்கிறார்.

நாம் என்ன செய்கிறோம்? எல்சிக்குப் போகுமுன் 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடிக்கிறோம், அல்லது சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளிந்த நீரை மட்டும் எடுக்கிறோம். கஷாயத்தின் இரண்டு முக்கியமான பொருள்களில் பெரும்பகுதி ஃபில்டரில் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போகிறது. நீங்கள் மெத்தனாலில் எடுத்ததால் இந்தத் திரட்சியே கண்ணில் பட்டிருக்காது; மெத்தனால் அதைக் கரைத்துவிடும். ஆகவே உங்களுக்கு வேண்டியது குறைந்தது மூன்று சாம்பிள்: முழுக் கஷாயம், தெளிந்த நீர், வண்டல். மூன்றையும் தனித்தனியாக உலரவைத்து எடை போட்டு, மூன்றையும் செல்லில் சோதியுங்கள்.

சோதனை என்றால், உங்கள் கைடு சொன்னது மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களுக்கு எல்பிஎஸ் என்ற பாக்டீரியா உறைப்பொருளைக் கொடுத்துத் தூண்டிவிட்டு, வரும் நைட்ரிக் ஆக்சைடை கிரீஸ் ரீஏஜெண்ட் என்ற நிறமூட்டும் கரைசலில் அளப்பதாக இருக்கும் என்று நினைக்கிறேன். மலிவு, பழக்கமான முறை. ஆனால் நைட்ரிக் ஆக்சைடு குறைவதற்கு எளிதான வழி ஒன்று உண்டு: செல் செத்துப்போவது. பெர்பெரின் அளவு கூடினால் செல்லைக் கொல்லும். அதனால் அதே தட்டில், அதே நாளில், அதே அளவுகளில் செல் உயிரோடிருக்கிறதா என்ற சோதனையும் கூடவே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை.

பெர்பெரினின் இன்னொரு குணம், அது தானே ஒளிரும். டிஎல்சி தட்டை 365 நானோமீட்டர் யுவி விளக்கின் கீழ் வையுங்கள். பளிச்சென்று மஞ்சள் வெளிச்சமாக ஒரு புள்ளி எரியும். முதல் முறை பார்க்கும்போது மனசு குளிரும். ஆனால் ஒளிர்வை அளந்து முடிவு சொல்லும் சோதனைகள் எல்லாவற்றையும் அதே மஞ்சள் குழப்பும். 405 நானோமீட்டரில் நிறம் பார்க்கும் என்சைம் சோதனையையும் குழப்பும், ஏனென்றால் அந்த நீளத்தில் பெர்பெரினே ஒளியை உறிஞ்சுகிறது. செல்லோ என்சைமோ இல்லாமல் எக்ஸ்ட்ராக்ட் மட்டும் ஊற்றிய கிணறுகளை (சோதனைத் தட்டின் குழிகளை) ஒவ்வொரு தட்டிலும் வையுங்கள்.

இதில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்கு வந்த புதிதில் ஒரு மரப்பட்டையில் வேலை செய்தேன். பிரித்தெடுத்த ஒரு பகுதி, அதாவது ஒரு ஃபிராக்ஷன், என்சைமை முழுக்கத் தடுத்தது. அளவைக் குறைக்கக் குறைக்க அழகான வளைவு. மூன்று மாதம் அதன் பின்னாலேயே போனேன். ஒரு நாள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் வந்து, ஜெலட்டின் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார். விட்டேன். பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது. டானின். அது எந்தப் புரதத்தையும் பிடித்துத் திரளவைக்கும், என் என்சைமும் ஒரு புரதம்தான். பாலிஅமைடு நிரப்பிய காலம் என்ற பிரிப்புக் குழாயில் ஊற்றி டானினை நீக்கிவிட்டுச் சோதித்தபோது அந்த வளைவு படுத்துவிட்டது. அந்த மூன்று மாதம் இன்னமும் எனக்கு வலிக்கிறது. நீங்கள் ஜெலட்டின் சோதனையை முதல் வாரமே செய்துவிடுங்கள். என்சைம் சோதனை என்றால் டிரைட்டான் போல ஒரு சோப்பை 0.01 சதவீதம் சேர்த்தும் பாருங்கள். அதற்கே பலன் மறைந்தால் அது திரட்சியின் வேலை.

'பலன் இல்லை' என்ற முடிவும் ஏமாற்றும். 1973-இல் ஆர்ட்டிமிசினினை மாத்திரையாக்கி ஹைனானில் கொடுத்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. பார்த்தால் மாத்திரை வயிற்றில் சரியாகக் கரையவே இல்லை. கேப்ஸ்யூலில் போட்டுக் கொடுத்ததும் வேலை செய்தது.

பிரிக்கும் வேலையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, முறை தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். பெர்பெரின், காப்டிசின், பால்மட்டின் எல்லாமே மின்னூட்டம் கொண்ட ஆல்கலாய்டுகள். வெறும் சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் ஒட்டிக்கொண்டு நீள வால் விடும். பியூட்டனால், அசிட்டிக் அமிலம், தண்ணீர் கலவையில் டிஎல்சி ஓட்டுங்கள், புள்ளி ஒழுங்காக நிற்கும். பெரிய அளவில் பிரிக்க மேக்ரோபோரஸ் ரெசினில் தொடங்குவது நல்லது.

பலரும் விட்டுவிடுவது கணக்கு. ஒவ்வொரு ஃபிராக்ஷனுக்கும் எடையும், பாதித் தடுப்புக்கு வேண்டிய அளவும் கையில் இருந்தால், மொத்தப் பலனில் எந்த ஃபிராக்ஷன் எவ்வளவைச் சுமக்கிறது என்று கூட்டிப் பார்க்கலாம். விளக்கத்துக்காக எண்களை நானே போட்டுச் சொல்கிறேன். முழுக் கஷாயத்தூள் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராமில் பாதித் தடுப்பைத் தருகிறது என்று வையுங்கள். தூளில் 6 சதவீதம் பெர்பெரின் என்றால், அந்தக் கிணற்றில் இருந்த பெர்பெரின் 3 மைக்ரோகிராம். சுத்தமான பெர்பெரினைத் தனியாகக் கொடுத்தால் பாதித் தடுப்புக்கு 12 மைக்ரோகிராம் வேண்டியிருக்கிறது என்றால்? கஷாயத்தில் அதில் கால் பங்குதான் இருக்கிறது. அப்போது பெர்பெரின் ஆக்டிவ்தான், ஆனால் இந்தக் கஷாயத்தின் பலனை அது மட்டும் விளக்கவில்லை. வேறு யாரோ வேலை செய்கிறார்கள், அல்லது சேர்ந்து செய்கிறார்கள்.

அதைப் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. கஷாயத்திலிருந்து பெர்பெரினை மட்டும் நீக்குங்கள். மிச்சத்தைச் சோதியுங்கள். பிறகு சுத்தமான பெர்பெரினை முன்பிருந்த அதே அளவுக்குத் திரும்பச் சேர்த்துச் சோதியுங்கள். நீக்கியதும் பலன் போய், சேர்த்ததும் திரும்பி வந்தால் உங்களிடம் உறுதியான சான்று இருக்கிறது. பைக்காலினுக்கும் ஜிஜியிலிருந்து வரும் ஜெனிபோசைடுக்கும் இதையே செய்யுங்கள். இதற்கு 140 பீக்கும் வேண்டாம், நான்கைந்து போதும். பிரித்த எல்லா ஃபிராக்ஷனையும் பழைய விகிதத்தில் ஒன்றாகச் சேர்த்தும் ஒரு தடவை பாருங்கள். சேர்த்தும் பழைய பலன் வரவில்லை என்றால் வழியில் எதையோ தொலைத்திருக்கிறீர்கள், பெரும்பாலும் பிரிப்புக் குழாயில் ஒட்டியது அல்லது சூட்டில் கெட்டது.

கலவை மருந்து என்றாலே ஒன்றாகச் சேர்ந்துதான் வேலை செய்யும், பிரிப்பதே தப்பு என்று ஒரு கட்சி. எதுவானாலும் கடைசியில் ஒரே ஒரு மூலக்கூறுதான் என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் உதாரணம் உண்டு. தாங்குய் லோங்ஹுய் வான் என்ற பழைய உருண்டையில் 11 சரக்கு. கஸ்தூரி, மூசாம்பரம், உங்கள் ஹுவாங்லியான், ஹுவாங்சின், ஹுவாங்போ எல்லாம் அதில் உண்டு. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் அது பலன் தருவதைக் கண்ட சீன மருத்துவர்கள் ஒவ்வொரு சரக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். பலன் சிங்டாய் என்ற ஒன்றில் வந்து நின்றது. சிங்டாய் என்பது நீலச்சாயம் எடுக்கும் செடிகளிலிருந்து வரும் கருநீலப் பொடி. ஆனால் அதில் நிறைந்திருக்கும் நீலம், அதாவது இண்டிகோ, அல்ல மருந்து. அதே அணுக்களை வேறுவிதமாகக் கோத்த சிவப்பு நிறப் பொருள், இண்டிருபின், கொஞ்சமாக அந்த நீலத்துக்குள் ஒளிந்திருந்தது. செல் பிரிவதை இயக்கும் கைனேஸ் என்சைம்களை அது தடுக்கிறது என்று 1999-இல் தெரியவந்தது. பொடியைப் பார்த்தால் சிவப்பே தெரியாது. எவ்வளவு இருக்கிறது என்று தேடியிருந்தால் எல்லோரும் நீலத்தில்தான் நின்றிருப்பார்கள். எது வேலை செய்கிறது என்று தேடியதால்தான் சிவப்பு கிடைத்தது.

எதிர்ப் பக்கத்து உதாரணம் ஹுவாங்சின் டாங். ஹுவாங்சின், பியோனி வேர், அதிமதுரம், சீன இலந்தை சேர்ந்த நான்கு மூலிகைக் கஷாயம், சுமார் 1,800 ஆண்டுப் பழக்கம். யேல் பல்கலைக்கழகத்தில் யுங்-சி செங் குழு இதைப் பிஎச்ஒய்906 என்ற பெயரில், இரினோடெகான் என்ற புற்றுநோய் மருந்து உண்டாக்கும் வயிற்றுப்போக்குக்காக ஆராய்ந்தது. அங்கே வேலை பல இடங்களில் பிரிந்து நடக்கிறது: வீக்கம் அடங்குவது, குடலின் மூலச்செல்கள் மீள்வது என்று. ஒரே ஒரு பொருளைக் காட்டி இதுதான் என்று சொல்லும்படியாக அது அமையவில்லை. அதனால் அவர்கள் ஒவ்வொரு தொகுதிச் சரக்கும் முந்தையதைப் போலவே இருக்கிறதா என்று கைரேகை மாதிரியான வேதி ரேகை, அதாவது பீக்குகளின் வரிசை, வைத்துப் பார்ப்பதில் நிறைய உழைத்தார்கள். உங்கள் 140 பீக்குக்கு உண்மையான பயன் அங்கேதான். அந்த ரேகை தரக்கட்டுப்பாட்டுக்கு மிக நல்லது.

இன்னொரு விஷயத்தையும் ஆராய்ச்சிக் கட்டுரையில் நேர்மையாக எழுத வேண்டும்: தட்டில் வேலை செய்தது உடம்பில் இருக்கிறதா? வாய்வழியே கொடுத்த பெர்பெரினில் ஒரு சதவீதம்கூட முழுதாக இரத்தத்துக்கு வருவதில்லை. குடல் பாக்டீரியாக்கள் அதை டைஹைட்ரோபெர்பெரினாக மாற்றுகின்றன; அந்த உருவில் சுவரைத் தாண்டி, உள்ளே போய் மறுபடி பெர்பெரினாகிறது. பைக்காலின் தன் சர்க்கரைப் பகுதியை இழந்து பைக்காலீனாகித்தான் உள்ளே போகிறது. ஜெனிபோசைடு பாக்டீரியாக்கள் கையில் ஜெனிபின் ஆகிறது. அது அமினோ அமிலங்களைக் கண்டால் நீலநிறமாகவே மாறிவிடும், அவ்வளவு துடிப்பான பொருள். உங்கள் செல் தட்டில் பாக்டீரியா கிடையாது. அங்கே ஜெனிபோசைடு சும்மா இருப்பதைப் பார்த்து அதை ஒதுக்கிவிடாதீர்கள்; ஜெனிபினையும் வாங்கிச் சோதியுங்கள். மறுபக்கம், 50 மைக்ரோமோலாரில் பெர்பெரின் வீக்கத்தை அடக்குகிறது என்று எழுதினால், அந்த அளவு இரத்தத்தில் ஒருபோதும் வராது என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதுங்கள். குடலுக்குள் வரலாம். அப்படியென்றால் உங்கள் ஆய்வு குடல் வீக்கத்தைப் பற்றியது.

ஒரே பொருள் சோதனைக்கேற்ப வேறு முகம் காட்டும் என்பதற்கும் பெர்பெரின்தான் சாட்சி. நம் ஊரிலும் இலங்கையிலும் மரமஞ்சளில் இருப்பதும் இதே பெர்பெரின். சீனாவில் நெடுங்காலமாக வயிற்றுப்போக்குக்குக் கொடுத்து வந்த அதை, 2004-இல் அங்குள்ள ஒரு குழு கொழுப்புக்கான சோதனையில் வைத்துப் பார்த்தது. கல்லீரல் செல்களில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளை அது கூட்டுகிறது, நோயாளிகளுக்குக் கொலஸ்ட்ராலும் குறைகிறது என்று தெரிந்தது. சோதனை மாறியதும் வேறு பலன் தெரிந்தது.

டேட்டாபேஸில் பெயர்களைப் போட்டு, எந்தப் புரதத்தோடு ஒட்டும் என்று கணினியில் பார்த்து, வலைப்பின்னல் படம் வரைந்து முடித்துவிடலாமே என்று உங்களிடம் யாராவது சொல்லுவார்கள். தயவுசெய்து அதோடு நிறுத்தாதீர்கள். அந்த மாதிரிக் கட்டுரைகளில் எந்தக் கஷாயத்தை உள்ளே போட்டாலும் குவர்செட்டின், கேம்ஃபெரால், பீட்டா-சிட்டோஸ்டெரால் என்று அதே பெயர்கள் வெளியே வரும். அவை இல்லாத செடி அரிது, அவ்வளவுதான் காரணம். எந்தச் சோதனையை முதலில் செய்யலாம் என்று யோசிக்க அந்தப் படம் உதவும். சான்றாக அது நிற்காது.

இந்த மாதம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நான்கு சரக்கின் மாதிரியைப் பத்திரப்படுத்துங்கள். தனித்தனியாக நான்கு கஷாயம், சேர்த்து ஒரு கஷாயம் போடுங்கள். பழைய குறிப்பிலுள்ள விகிதம் இப்போதைய கிராமில் ஹுவாங்லியான் 9, ஹுவாங்சின் 6, ஹுவாங்போ 6, ஜிஜி 9 என்று வரும். ஐந்தையும் செல்லில் வையுங்கள், உயிர்ச் சோதனையோடு. அப்புறம் நான்கில் ஒவ்வொன்றை விட்டுவிட்டு மூன்று மட்டும் சேர்த்த கஷாயங்களைப் பாருங்கள்; எதை விட்டால் பலன் விழுகிறதோ அங்கே பிரிப்புக் குழாய் வேலையைத் தொடங்கலாம். சேர்த்த கஷாயத்தில் தங்கும் மஞ்சள் வண்டலை மட்டும் எக்காரணம் கொண்டும் கொட்டிவிடாதீர்கள். தனிக் குப்பியில் எடுத்து, தேதியும் எந்தத் தொகுதி என்பதும் எழுதி, மைனஸ் 20-இல் வையுங்கள். உங்கள் தீசிஸின் நல்ல அத்தியாயம் அந்தக் குப்பியிலிருந்து வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சோதித்ததும் என்ன வந்தது என்று எழுதுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.